பெல்ஃபோர்ட் ஓட்டலில் ஓர் இந்திய இளவரசர்

1949 ஆகஸ்ட் 29, திங்கள். பெல்ஃபோர்ட், மிசிசிப்பி

வந்து சேர்ந்தோம். ஓட்டலுக்குள் முன்வாசல் வழியாகவே போனோம். வெஸ்லிக்கு இப்படிப் போவது வாழ்நாளில் முதல் தடவை. எனக்குப் பழக்கம்தான்.

யார் எவர் என்று ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். நான் இஞ்ஞாசி மோத்தா, தூத்துக்குடிப் பரவன், கத்தோலிக்கன். 1944இல் சரக்குக் கப்பலிலிருந்து நியூ ஆர்லியன்ஸில் இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. இந்த நாட்டில் இருப்பதற்கு என்னிடம் காகிதம் ஒன்றும் கிடையாது. ஊரில் மாதா கோவில் பாண்டில் கிளாரினெட் ஊதியவன் என்பதால் சுரக்குறிப்பு எழுதத் தெரியும். அதை வைத்து ஹார்லன் பீட்டியின் ஜாஸ் குழுவில் பிரதி எடுப்பவனாக, சட்டை தேய்ப்பவனாக, சமைப்பவனாக ஐந்து வருஷமாய் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வெஸ்லி கேட்ஸ் அந்தக் குழுவின் பியானோக்காரன். இருபத்தாறு வயது, சிகாகோக்காரன், கறுப்பன். நிறத்தில் என்னைவிட வெளுப்பு. ஆனாலும் இந்த ஊர்க் கணக்கில் அவன் கறுப்பன், தலைப்பாகை கட்டிய நான் இந்தியன். வெள்ளைக்காரர் ஓட்டலில் கறுப்பனுக்கு அறை கிடையாது. அதனால் இன்று முதல் வெஸ்லியும் இந்தியன். இளவரசர் ராமாகான். நான் அவருடைய திவான்.

தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இங்கே எல்லாரும் பேசுவது இங்கிலீஷ். எழுதும்போது அது தூத்துக்குடிப் பேச்சாகிவிடுகிறது. என் கை அப்படி.

"வே மோத்தா, இந்த மெத்தையத் தொட்டுப் பாரும்" என்றான் வெஸ்லி. "இதுல படுத்துச் செத்தாக்கூட ஒடம்பு நோவாது."

சாகிற பேச்சு வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 30

காலையில் வெஸ்லியின் தலைப்பாகையை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினேன். எங்கள் தெருவில் தலைப்பாகை என்பது கல்யாணத்துக்குக் கூலிக்கு வரும் பாண்டுக்காரர் தலையில் இருப்பது. இங்கே அதே துணி ஒரு மனுஷனை ஒரு கணக்கிலிருந்து எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுகிறது. குழு தெற்கே வரும்போதெல்லாம் நான்தான் இதைக் கட்டிக்கொண்டு கடைகளின் முன்வாசல் வழியாகப் போய் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கி வருவேன். மற்றவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பீட்டிக்கு வந்த யோசனைதான் இளவரசர். ராமனையும் கானையும் சேர்த்துத் தைத்த பேரும் அவருடையதே. இப்படி ஒரு பேர் எங்கள் நாட்டில் இருக்காது என்றேன். "யாருவே கேக்கப் போறா?" என்றார்.

பீட்டியைக் குறை சொல்லவும் முடியாது. போருக்கு முன்னால் பதினாறு பேரை வைத்து, ஆயிரம் ஜோடி ஆடும் மண்டபங்களில் வாசித்தவர். போர்க்காலத்தில் ஆட்டம் உள்ள இடங்களுக்கு அரசாங்கம் வரி போட்டது. போர் முடிந்தும் எடுக்கவில்லை. மண்டப முதலாளிகள் ஆடும் தரையில் மேஜை நாற்காலியைப் பரப்பி, 'ஆடக்கூடாது' என்று பலகை தொங்கவிட்டார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பிய பையன்கள் கல்யாணம் பண்ணி, ஊருக்கு வெளியே வீடு வாங்கி, ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது டெலிவிஷன் வேறு. மிச்சமிருக்கிற சனத்துக்குக் கண்ணீர் விடுகிற பாட்டுக்காரன் வேண்டும், இல்லையென்றால் தரையில் மல்லாந்து கிடந்து சாக்ஸபோனை அலற வைக்கிறவன் வேண்டும். பதினாறு பேர் ஐந்தாகிவிட்டார்கள்.

வெஸ்லி மாதிரி இளவட்டங்களுக்கு மட்டும் அந்தப் பலகை வரமாகப் போயிற்று. சனம்தான் உட்கார்ந்துவிட்டதே, இனிக் காலுக்கு வாசிக்க வேண்டாம், காதுக்கு வாசிக்கலாம் என்று கிளம்பினார்கள். பிபாப் என்று அதற்குப் பேர். எங்கள் ஊர் மீன் ஏலத்தின் வேகம். யார் கேட்டார், யார் எடுத்தார் என்று புரிவதற்குள் அடுத்த கூடைக்குப் போய்விடும். நான் ஆட்டப்பாட்டின் கட்சி. ஆனாலும் வெஸ்லியின் உருப்படிகளைப் பிரதி எடுக்கும்போது சில இடங்களில் என் பேனா நின்றுவிடும், இதை எங்கே போய்ப் பிடித்தான் என்று.

பீட்டிக்கு அது ஆகவே ஆகாது. "சீனாக்காரன் பாட்டு. கேக்கவன் எந்திச்சுப் போயிருதான்" என்று மூன்று ஊரில் அவனை மேடையிலிருந்து இறக்கினார். அக்டோபரில் சிகாகோவில் ஒரு சின்னக் கம்பெனி வெஸ்லியின் நாலு உருப்படிகளை ரெக்கார்டு போடுகிறது. தட்டின் நடுவில் அவன் பேர் அச்சாகும். அதுவரை வயிறு இருக்கிறதே என்றுதான் இளவரசனாக ஒத்துக்கொண்டான். நாலு வாரம். பீட்டியும் மற்றவர்களும் ஓர் அலறல் சாக்ஸபோனோடு பக்கத்து ஊர்களைச் சுற்றிவிட்டு 26ஆம் தேதி பஸ்ஸோடு வந்து எங்களை ஏற்றிக்கொள்வார்கள்.

ஆகஸ்ட் 31

முதல் வாசிப்பு. சாப்பாட்டு மண்டபம் நிறைய வெள்ளைக்காரர். நான் பியானோவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றேன். இளவரசர் வாய் திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு. திறந்தால் சிகாகோ வெளியே வந்துவிடும்.

முதலில் பீட்டி சொல்லிக்கொடுத்த ஒட்டகம், பாலைவனம் எல்லாம் வாசித்தான். பிறகு அவனுக்குச் சலித்துவிட்டது. இடது கையை அப்படியே வைத்துக்கொண்டு, வலது கையில் தன் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டான். எந்தக் கோணல் சுரத்துக்காக அவனை மேடையிலிருந்து இறக்கினார்களோ, அதே சுரம். எனக்கு உயிர் போய்விட்டது.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மானேஜர் க்ரேன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க நாட்டு சங்கீதம் ரொம்பப் பழசு இல்லையா திவான்? கேக்கும்போதே தெரியுது."

ஆமாம், ரொம்பப் பழசு என்றேன்.

அறைக்கு வந்ததும் வெஸ்லி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் முகத்தை எடுக்கவில்லை. "டெட்ராய்ட்ல இதுக்குத்தான்வே பாட்டில் எறிஞ்சானுவ" என்றான்.

செப்டம்பர் 2

இளவரசருக்குச் சாப்பாடு எடுத்துவரச் சமையற்கட்டுக்குப் போனேன். அங்கே எல்லாம் ஒடெசா என்ற அம்மாள் ராஜ்யம். ஐம்பது வயது இருக்கும், கறுப்பர். என்னைப் பார்க்காமலே சட்டியைக் கிண்டிக்கொண்டு, "ஒங்க இளவரசரு எந்தச் சர்ச்சுல பியானோ படிச்சாரு?" என்றாள்.

அவர் இந்து, அவருக்குச் சர்ச் கிடையாது என்றேன்.

"எடது கை சொல்லுதே அய்யா. ஞாயித்துக்கெழமையில வளந்த கை அது."

அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒருவரும் நிமிரவில்லை. அப்போதுதான் புரிந்தது, இந்த ஓட்டலின் கறுப்பர் எல்லாருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. சொல்லமாட்டார்கள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. நான் அவர்கள் ஆள் இல்லையே. அதையும் ஒடெசாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: நான் நிஜமாகவே இந்தியன், என்னுடையது வேஷம் இல்லை என்று.

"சந்தோசம்" என்றாள்.

செப்டம்பர் 4, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இந்த ஊரில் கத்தோலிக்கக் கோவில் இல்லை.

செப்டம்பர் 8

இன்று மாதா பிறந்த நாள். ஊரில் இருந்தால் இந்நேரம் கிளாரினெட்டும் கையுமாகத் தெருவில் நின்றிருப்பேன்.

வாசிப்புக்கு முன்னால் இளவரசர் தன் பாஷையில் ஒரு பிரார்த்தனை சொன்னால் நன்றாக இருக்கும் என்றார் க்ரேன். வெஸ்லி என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த இந்துப் பிரார்த்தனை ஒன்றும் கிடையாது. மனப்பாடமாகத் தெரிந்தது மரியாயின் செபம் ஒன்றுதான். மதியம் அதைச் சொல்லிக்கொடுத்தேன். பிரியதத்தத்தினாலே என்று தொடங்குவதற்குள் அவன் நாக்கு ஏழு இடத்தில் தடுக்கியது. பிறகு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். மேஜையில் தட்டித் தட்டிச் சொல்லிப் பார்த்தான். "இதுல தாளம் இருக்குவே. எங்க ஆளுவ எவனும் இன்னும் கண்டுபிடிக்காத தாளம்" என்று, உடனே உட்கார்ந்து அதை வைத்து ஓர் உருப்படி போட்டுவிட்டான். சிகாகோவுக்கு ஐந்தாவது தயார் என்கிறான்.

இரவு விருந்தில் மாதாவின் செபத்தைக் கேட்டு வெள்ளைக்காரச் சீமாட்டிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி அவன் முன்னால் வந்து தலையைக் குனிந்தாள், ஆசீர்வாதம் வேண்டுமாம். வெஸ்லி அவள் தலைமேல் கையை நீட்டினான், தொடவில்லை. மண்டபத்தின் அந்தப் பக்கம் தட்டு எடுத்துக்கொண்டிருந்த பணியாள் ஒருவன் அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தேன். அந்தக் கை இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும்.

செப்டம்பர் 10

ஆற்றுப் பாலம் வரை நடந்து வரலாமா என்று ஒடெசாவிடம் வழி கேட்டேன்.

"நீங்க போலாம். அவரு போகண்டாம்."

ஏன் என்றேன். போன வருஷம் இந்த ஓட்டலில் ஓர் இளவயதுப் போர்ட்டர் இருந்தானாம். பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு சீமாட்டியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டானாம். அவ்வளவு சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள். பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வெஸ்லியிடம் பாலம் அழகாக இல்லையாம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 13

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

செபம் முடிந்து வெஸ்லி பியானோவில் கை வைக்கப் போகும்போது, முன் மேஜையிலிருந்து ஒரு கிழவி எழுந்தாள். வெள்ளைக்காரி, எழுபது வயது, குச்சி மாதிரி உடம்பு. நேராக அவனிடம் வந்து, சுத்தமான தமிழில், "சமாதானம் உண்டாவதாக. நீர் எந்த ஊர் ஐயா?" என்றாள்.

இந்த நாட்டில் ஐந்து வருஷத்தில் நான் கேட்ட முதல் தமிழ் அது. வெஸ்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் துணி நனைவதை நான் பார்த்தேன். க்ரேன் பார்க்கிறார், முதல் மேஜை முழுக்கப் பார்க்கிறது.

நான் குறுக்கே புகுந்தேன். "இளவரசர் வாசிப்பு நாள்ல செபம் தவிர மௌன விரதம் அம்மா. எதுவானாலும் என்கிட்டக் கேளுங்க."

கிழவி என் பக்கம் திரும்பினாள். "ஏண்டாப்பா, நீயும் தமிழா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

பேர் பிரூயிட் அம்மாள். கணவரோடு மதுரைப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் மிஷன் வேலை பார்த்தவள். பைபிள் தமிழும் ஆயாவிடம் கற்ற தமிழும் கலந்து பேசுகிறாள். கணவர் அங்கேயே அடக்கம். இப்போது தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பி இந்த ஊர் வெள்ளைக்காரர் சபையின் பாஸ்டர்.

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஓர் இந்து இளவரசர் எப்படி மரியாயின் செபம் சொல்லுகிறார்? இரகசியத்தில் விசுவாசியோ?"

என்னத்தைச் சொல்ல. இல்லை என்றால் பிறகு யார் என்பாள். "அப்படித்தான் வச்சுக்கோங்கம்மா" என்றேன்.

செப்டம்பர் 16

தினமும் மூன்று மணிக்குப் பாஸ்டர் வீட்டுக்குப் போகிறேன். பிரூயிட் அம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது, தமிழ் பைபிளை வாசித்துக் காட்டுகிறேன். காப்பி கொடுக்கிறாள். மதுரையில் வெயில் எப்படி, மல்லிகை என்ன விலை என்றெல்லாம் கேட்கிறாள். மதுரைக்கு நான் போனதே இரண்டு தடவை. வாயில் வந்ததைச் சொல்கிறேன். நல்ல மனுஷி. இதில் மாற்றமே இல்லை.

என்னிடம் காகிதம் இல்லை என்பதையும் இன்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, தமிழில் கேட்டால் வாய் தானாகத் திறக்கிறது. "அதற்கென்ன மகனே, என் தம்பி ஜாமீன் எழுதித் தருவான். அவனுக்கு வாஷிங்டனில் ஆள் உண்டு" என்றாள். அதே மூச்சில், "இளவரசருக்கு ஞானஸ்நானம் பெற மனசு உண்டா?" என்றாள்.

"பாக்கலாம்மா" என்றேன்.

நம் ஊரில் ஒரு பெரியவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று யார் சொல்வார்? பாக்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் மதுரையில் இருந்தவளுக்குத் தெரியாமலா போகும்.

செப்டம்பர் 18, ஞாயிறு

அவளுக்குத் தெரியவில்லை. பாஸ்டர் காலையில் பிரசங்க மேடையிலேயே அறிவித்துவிட்டார். வரும் ஞாயிறு பத்து மணிக்கு இளவரசர் ராமாகானுக்கு ஆற்றில் ஞானஸ்நானம். ஊர் முழுக்க வரலாம். க்ரேன் வந்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

வெஸ்லியிடம் சொன்னேன்.

"எங்கப்பா சர்ச்சுல டீக்கன். எனக்கு ஏழு வயசுலேயே முக்கியாச்சு" என்றான். பிறகு, "தலைப்பாகையோடவா முக்குவானுவ?"

இல்லை என்று எனக்குத் தெரியும். வெறுந்தலையோடுதான். அவன் முடியைப் பார்த்தால் யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

"யாருவே இதுக்குச் சரின்னு சொன்னா?"

கிழவியே முடிவு பண்ணிவிட்டாள் என்றேன்.

செப்டம்பர் 21

சமையற்கட்டின் பின்னறையில் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். நான், வெஸ்லி, ஒடெசா, அவள் புருஷன் ரூஃபஸ். ஞாயிறு காலைதோறும் ஓட்டலின் அழுக்குத் துணியை வேனில் ஏற்றிப் பக்கத்து ஊர் லாண்டரிக்கு ஓட்டிப் போகிறவர் ரூஃபஸ்.

வெஸ்லி, "நான் நாளைக்குப் பகல் வண்டியிலேயே போயிருதேன். முதல் வகுப்பு டிக்கெட்டு. ராசா மாதிரி வந்தேன், ராசா மாதிரி போறேன்" என்றான்.

அது சரிப்படாது என்றேன். ஊருக்கே முகம் தெரிந்த இளவரசர் ரயிலேறினால் ஸ்டேஷனிலேயே கூட்டம் கூடிவிடும், பாஸ்டர் மனமும் நோகும். ஞாயிறு காலை ஊரே ஆற்றங்கரையில் இருக்கும். அந்த நேரம் வெஸ்லி தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, போர்ட்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு ரூஃபஸின் வேனில் போகட்டும். அங்கிருந்து மெம்பிஸுக்குப் பஸ். இளவரசரின் தகப்பனாருக்குச் சீக்கு, தந்தி வந்து காரில் போய்விட்டார் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஞானஸ்நானத்தை வேண்டுமானால் நான் எடுத்துக்கொள்கிறேன். யாருக்கும் வருத்தமில்லை.

ஒடெசாவுக்குப் பிடிக்கவில்லை. "பாலத்துல ஷெரீப் ஆளுங்க நிறுத்துவாங்க. ரூஃபஸ அவங்களுக்குத் தெரியும். இவர எந்த வீட்டு ஆளுன்னு கேட்டா?"

"ஓட்டல் ஆள்னு சொல்லட்டும்" என்றேன்.

"ஓட்டல் ஆளு அத்தன பேரும் அவங்களுக்குத் தெரியும் அய்யா."

எல்லாவற்றுக்கும் பயந்தால் எதுதான் நடக்கும் என்று சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே. வெஸ்லி தலைப்பாகையில் கை வைத்தான்.

"மோத்தா, இந்த ஊர்ல நான் கண்ணயர்ந்ததே இந்தத் துணி தலையில இருக்கிற தைரியத்துலதான்."

குழந்தை மாதிரிப் பேசாதே என்றேன். கடைசியில் சரி என்றான். என்னைவிட அவனுக்கு நம்பிக்கை சுலபமாக வரும்.

செப்டம்பர் 23

பாஸ்டர் ஜாமீன் காகிதத்தைத் தட்டச்சு அடித்து வைத்திருக்கிறார். ஞானஸ்நானம் முடிந்ததும் கையெழுத்து.

செப்டம்பர் 24

கடைசி வாசிப்பு. மாதா செபத்தில் பிறந்த அந்த ஐந்தாவது உருப்படியை முதல்முறையாக வெளியே வாசித்தான். தொடக்கத்தில் வேகம், வழக்கம்போல ஏலம். நடுவில் ஓர் இடத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒற்றை விரலால் ஐந்தாறு சுரம் மட்டும் வாசித்தான். ஆட்டப்பாட்டுக் கட்சிக்காரனான நான் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டேன். இத்தனை நாள் இவனைப் புரியவில்லை என்று நானும்தானே சிரித்தேன் என்று வெட்கமாக இருந்தது.

மண்டபத்தில் கைதட்டல் ஓயவில்லை. ஷெரீப்பும் மனைவியோடு வந்திருந்தார். அவரும் தட்டினார்.

செப்டம்பர் 25, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு வெஸ்லி வேனில் ஏறினான். லாண்டரி வேனில் போகும் போர்ட்டரிடம் சொந்தப் பை இருக்காது என்பதால் அவன் பை என்னிடம். அறைக்கு வெளியே வெறுந்தலையோடு அவனைப் பார்த்து நாலு வாரம் ஆகிவிட்டது, சின்னப் பையனாகத் தெரிந்தான். மெம்பிஸ் போனதும் சமையற்கட்டுக்குப் போன் பண்ணுகிறேன் என்றான்.

ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். தந்தி வந்த கதையைச் சொன்னேன். பிரூயிட் அம்மாள் முகம் வாடிவிட்டது. இளவரசருக்குப் பதில் திவான் முதலில் பெறுகிறார் என்று பாஸ்டர் சமாளித்தார். என்னை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, மல்லாக்கச் சாய்த்து முக்கினார்கள். தண்ணீர் செம்மண் நிறம். எழும்போது மூக்கெல்லாம் ஏறிவிட்டது.

எங்கள் பாவ விளக்கத்தில் இரண்டாவது ஞானஸ்நானம் பெரிய குற்றம். ஊரில் பங்குச்சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நிர்ப்பந்தத்தில் பெற்றது செல்லாது என்று ஒரு விதி உண்டு என்று நினைக்கிறேன். எனக்கு உள்மனசில் சம்மதம் இல்லை. உதட்டில்தான் சொன்னேன். அது கணக்கில் வராது.

கரையில் ஷெரீப் இருந்தார். அவருடைய ஆட்கள் இல்லை.

இரவு வரை போன் இல்லை.

செப்டம்பர் 26, திங்கள்

பீட்டி பஸ்ஸோடு வந்துவிட்டார். கறுப்பர் தெருவில் நிறுத்தியிருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். "தலைப்பாகை எங்க?" என்றார்.

என் பெட்டியில் இருக்கிறது என்றேன்.

"அதக் கழட்டிட்டா அனுப்புனீரு? அது தலையில இருந்தா ஒருத்தன் தொட்டிருப்பானாவே? யாரு யோசன இது?"

பஸ்ஸுக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமே என்றேன்.

ரூஃபஸ் நேற்று மாலையே திரும்பிவிட்டாராம். சமையற்கட்டுப் பக்கம் வரவில்லை. ஒடெசா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, வேலை அதிகம் போல. வழியில் வெஸ்லி சிநேகிதன் யாரையாவது பார்த்துத் தங்கியிருப்பான். பியானோ இருக்கிற வீடாக இருந்தால் அவனுக்கு நேரம் தெரியாது.

செப்டம்பர் 27

போன் இல்லை. சட்டைகளைத் தேய்த்தேன், வெஸ்லியுடையதையும்.

செப்டம்பர் 28, புதன்

காலையில் பிரூயிட் அம்மாள் கேக் செய்து எடுத்துக்கொண்டு ஓட்டலுக்கே வந்துவிட்டாள். கூடவே கையெழுத்துப் போட்ட ஜாமீன் காகிதம். நேற்று மாலை ஜெபக்கூட்டத்தில் சபை முழுவதும் முழங்காலில் நின்று இளவரசருக்காக ஜெபித்ததாம். "வழியிலே அவருக்கு ஒரு தீங்கும் அணுகாதபடிக்கு மன்றாடினோம் மகனே. ஷெரீப்கூடக் கண்ணீர் விட்டார்."

அவள் போன பிறகு சமையற்கட்டுக்குப் போனேன். ஒடெசா கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பாலத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நீ எந்த வீட்டு ஆள் என்று கேட்டிருக்கிறார்கள். ரூஃபஸ் வாய் திறப்பதற்குள் வெஸ்லியே பதில் சொல்லிவிட்டானாம். "நான் எந்த வீட்டு ஆளும் இல்ல" என்று, அவன் சிகாகோப் பேச்சில். ரூஃபஸை மட்டும் போகச் சொல்லிவிட்டார்கள்.

இன்று விடிகாலை ஆற்றில், ஞானஸ்நானத் துறைக்குக் கீழே.

பேர் தெரியாத கறுப்பன் என்று சவக்கொட்டகையில் போட்டிருக்கிறார்களாம். நாளை மாலைக்குள் யாரும் உரிமை சொல்லாவிட்டால் நகராட்சிக் குழியில் புதைப்பார்கள். ஒடெசா சொல்ல முடியாது, சொன்னால் ரூஃபஸைப் பிடிப்பார்கள்.

பீட்டி, "இன்னைக்கே கெளம்புவோம். மிச்ச தலையாவது தப்பட்டும். நீரும் ஏறும். ஒமக்குத்தான் காயிதம் வந்துட்டே" என்றார்.

ஆமாம், வந்துவிட்டது.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதோடு நிறுத்துகிறேன்.

செப்டம்பர் 29, வியாழன். ஷெரீப் ஆபீஸ், பின்னறை

பீட்டியின் பஸ் நேற்று மாலையே போய்விட்டது. நான் ஏறவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு இங்கே வந்தேன். தலையில் ஒன்றும் கட்டவில்லை. ஷெரீப்புக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முன்வாசலில் என்ன வேலை, பின்னால் போ என்றார். பிறகு தெரிந்துகொண்டு எழுந்து கை கொடுத்தார், நாற்காலி போட்டார், இளவரசர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரித்தார்.

சவக்கொட்டகையில் கிடப்பவனை வாங்கிப்போக வந்திருக்கிறேன் என்றேன்.

சிரித்தார். "அது எவனோ ஒரு கறுப்பன். ஒங்களுக்கு என்ன வேணும் அவன்?"

"என் தம்பி."

என் வாயில் அதுதான் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை.

சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல். "தம்பின்னா?"

"சனிக்கிழமை நீங்க கை தட்டுனீங்களே, அந்தக் கைக்காரன்."

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு விளங்குவது எனக்குத் தெரிந்தது. யார் முன்னால் அவர் மனைவி கண் மூடி உட்கார்ந்திருந்தாள், யாருக்காகத் தான் முழங்காலில் நின்றார், எல்லாம். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவருடைய ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். என் சட்டைப்பையிலிருந்த பாஸ்டரின் காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டுத் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கொட்டகைக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. அது விதி, அவராலும் மாற்ற முடியாது. பேனாவை எடுத்தார்.

வெஸ்லி ஜேம்ஸ் கேட்ஸ் என்றேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். சிகாகோ என்றேன். தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவர் காலியாக விடப் பார்த்தார். பியானோக்காரன் என்று எழுதச் சொன்னேன்.

எழுதினார்.